பவழம் கல்தான் என்று சொன்னேன், இருளப்பா

என் கண்ணான இருளப்பா,

உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. நீ காரைக்குடியில் இருந்த நாளில் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே என் பட்டறைக்கு வந்துவிடுவாய். அப்போது கடிதத்துக்கு என்ன வேலை? மண்டபத்துக்குப் போன பிறகு நீ எழுதினாய். நான்தான் பதில் போடவில்லை. அஞ்சலட்டை வாங்கி வைத்து, உன் பெயரை எழுதி, அதற்கு மேல் கை ஓடாமல் அலமாரியில் செருகிவிட்டேன். நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. அந்த அட்டை இன்னும் அங்கேயே இருக்கிறது.

இதை ஒரு மாதப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நம் இரண்டு பேரையும் தெரியாதவர்கள் படிப்பார்கள். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். இவ்வளவு நாள் பேசாதவன் இப்போது ஏன் ஊர் கேட்கப் பேசுகிறான் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் நகை வேலை செய்கிறவன். நீ கல்லல் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை, மாமா வீட்டில் தங்கிப் படிக்கக் காரைக்குடிக்கு வந்தவன். இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. ஐந்தாம் வகுப்போடு என்னை அப்பா உலைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார். நீ மதுரை வரை போய்ப் படித்து, சயன்ஸ் வாத்தியாராகத் திரும்பி வந்தாய். வந்த அன்றைக்கே பட்டறை வாசலில் நின்று, "டேய் சுந்தரம், ஒம் பூதக்கண்ணாடியக் குடுடா" என்று கேட்டாய். பதினைந்து வருஷம் கழித்து வருகிறவன் கேட்கிற முதல் கேள்வியா அது?

அன்று என் தட்டில் ஒரு பவழக் கொப்பு கிடந்தது. மெருகு போடாத, கிளை கிளையான துண்டு. நீ எடுத்துப் பார்த்தாய்.

"இது என்ன?"

"பவளம்டா. இத்தாலி தேசத்துச் சரக்கு. மெட்ராஸ்ல இருந்து வந்துச்சு."

"கல்லா?"

"பின்னே?"

கண்ணாடியை என் கண்ணுக்கு நேரே பிடித்தாய். "நீளவாக்குல கோடு கோடா ஓடுது பாரு. எந்தக் கல்லுல இப்படி ஓடும்?"

நான் விடவில்லை. "அப்பச் செடியா இருக்கும். கடல்ல மொளைக்கிற செடின்னு எங்கப்பா சொல்லுவாரு. கிளை இருக்குல்ல?"

"பெரிய பெரிய பண்டிதர்களே ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சாக. தண்ணிக்குள்ள அது மேல வெள்ளையாப் பூ விரியுமாம். ஆனா அந்தப் பூ கையை நீட்டி இரை பிடிக்குது சுந்தரம். பிடிச்சு வாய்க்குள்ள தள்ளுது. செடி தன் சோத்தத் தானே ஆக்கிக்கிரும். இது பிடிச்சுத் திங்குது. இதப் போய்ச் செடின்னு சொல்லலாமா?"

பிறகு நீ செய்ததை நான் மறக்கவே மாட்டேன். என் தட்டிலிருந்து நாலு பொருளை எடுத்து வரிசையாக வைத்தாய். ஒரு கெம்புக் கல், ஒரு சிவப்புக் கண்ணாடிச் சில்லு, எடை போட வைத்திருந்த ஒரு குண்டுமணி, அந்தப் பவழக் கொப்பு.

"நாலும் செவப்புத்தானே? ஒரே டப்பாவுல போட்டு வையேன்."

"கிறுக்கா ஒனக்கு? கெம்பு பூமியில வெட்டி எடுக்குறது. கண்ணாடி மனுசன் காய்ச்சுறது. குண்டுமணி கொடியில காய்க்கிறது. எல்லாம் ஒண்ணா?"

"ஆகா! நெறத்த வச்சு நீ பிரிக்க மாட்ட. எங்கேருந்து வந்துச்சு, உள்ள எப்படிக் கட்டியிருக்குன்னு பாத்துத்தான் பிரிப்ப. உசிருகள வகை பிரிக்கிறதும் அப்படித்தான்டா. வவ்வாலு பறக்குதேன்னு பறவையில சேக்க முடியாது, அது குட்டி போட்டுப் பால் குடுக்குது. திமிங்கிலம் நீந்துதேன்னு மீன்ல சேக்க முடியாது, அதுவும் அப்படித்தான்."

இந்த ஊருக்குப் புரிகிற மாதிரியும் ஒன்று சொன்னாய். செட்டியார் வீடுகளில் கல்யாணம் பேசினால் முதலில் எந்தக் கோயில் என்று கேட்கிறார்கள், அதற்குள் எந்தப் பிரிவு, அதற்குள் எந்தப் பங்காளி, அதற்குள் எந்த வீடு. உயிர்களுக்கும் அதே மாதிரி பெரிய கூட்டம், அதற்குள் சின்னக் கூட்டம், அதற்குள் இன்னும் சின்னது. முதுகெலும்பு உள்ளவை ஒரு பக்கம், இல்லாதவை ஒரு பக்கம். இல்லாதவற்றில் ஒரு கூட்டத்துக்கு உடம்பே ஒரு பைதான். ஒரே வாய், தின்பதும் அதன் வழி, கழிப்பதும் அதன் வழி. வாயைச் சுற்றிக் கைகள், கைகளில் கொட்டுகிற நஞ்சு. கடலில் குளிக்கிறவர்களைச் சுடுகிற, இழுது மாதிரியான சொறிமீனும், என் தட்டில் கிடந்த பவழமும் அந்தக் கூட்டத்துப் பங்காளிகள். சொறிமீன் தனியாக மிதக்கிறது. பவழம் ஆயிரக்கணக்கில் ஒன்றாக ஒட்டி வாழ்ந்து, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்து, தனக்கு எலும்பு மாதிரி ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. அதைத்தான் நாங்கள் அறுத்து மணியாக்குகிறோம்.

சுண்ணாம்பு என்று நீ சொன்னதும் எனக்கு உறைத்தது. எலுமிச்சைச் சாறு பட்டால் பவழம் நுரைத்துப் பொங்கும், கெம்பு பொங்காது. இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஏன் என்று மட்டும் நான் கேட்டதில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்றது நெசம்டா" என்றேன். நீ குதித்தாய். முப்பத்தைந்து வயது வாத்தியார், உலைக்கரி ஒட்டிய வேட்டியோடு குதித்தாய்.

அதை நீ வகுப்பில் சொன்னாய். வகுப்பிலிருந்து அது பள்ளிக்கூடத்தை நடத்துகிற கமிட்டித் தலைவரின் வீட்டுக்குப் போயிற்று. அவருடைய தாயார் பெரிய ஆச்சி தீட்சை வாங்கியவர், மீன் மாமிசம் தொடாதவர். ருத்திராட்சமும் பவழமும் மாற்றி மாற்றிக் கோத்த மாலை அவர் கழுத்தில் எப்போதும் கிடக்கும். அதைக் கோத்துக் கொடுத்தவனும் நான்தான். வாத்தியார் சொன்னதைப் பேரன் வந்து சொன்னதும், ஆச்சி மாலையைக் கழற்றிப் பூசை மாடத்தில் வைத்துவிட்டார்.

தலைவருக்குக் கோபம். ஒரு புதன்கிழமை காலை அவர் வீட்டு முகப்பில் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். உன்னை நிற்க வைத்தார்கள். எனக்கும் ஆள் வந்தது. அந்த வீட்டுக் கல்யாணத்து நகை முழுவதும் அப்போது என் கையில் இருந்தது. தை மாதம் என் மகளுக்கும் கல்யாணம் வைத்திருந்தேன். உனக்குத் தெரியும். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அன்று என் தலைக்குள் என்ன ஓடியது என்பதற்காகச் சொல்கிறேன்.

தலைவர் என்னைப் பார்த்தார். "பத்தரே, நீங்க தலைமுறை தலைமுறையாப் பவளம் கோக்குறவுக. வாத்தியாரு என்னமோ அது பிராணியோட எலும்புங்குறாரு. தாலியில கோக்குற சாமான எலும்புன்னு புள்ளைகளுக்குச் சொல்றாரு. நீங்க சொல்லுங்க. இது கல்லா, எலும்பா?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பயமே இல்லாத முகம். தன் பக்கம் சாட்சி வந்துவிட்டது என்று நிம்மதியான முகம்.

நான் சொன்னேன்: "கல்லுதானுங்க. நவரத்தினத்துல ஒண்ணு. வேற என்ன?"

அதற்குப் பிறகு அந்த முகப்பில் உன் முகத்தை நான் பார்க்கவில்லை. தரையில் பதித்திருந்த ஆத்தங்குடிக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்களும் நீயும் பேசியது மட்டும் காதில் விழுந்தது. வகுப்பில் நாளைக்கே 'நான் சொன்னது தப்பு, பவளம் கல்தான்' என்று சொல்லிவிட்டால் போதும் என்றார்கள்.

"வேற எது சொன்னாலும் செய்றேங்கய்யா. இத மட்டும் சொல்ல முடியாது. பயக எழுதிக்கிட்டாக. நாளைக்கு அதையே அடிச்சுட்டு மாத்தி எழுதுன்னு எப்படிச் சொல்றது?"

ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம். 'இவன் தன் கண்ணாடியில பாத்து நெசம்னு ஒத்துக்கிட்டவன்' என்று என்னைக் காட்டியிருக்கலாம். ஏன்டா சொல்லவில்லை? என் வேலை போகும் என்றா? இல்லை, காட்டிக்கொடுக்கிற பழக்கமே உனக்கு இல்லையா? நீ சொல்லியிருந்தால் இன்று எனக்கு உன்மேல் கொஞ்சமாவது வருத்தம் இருந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருப்பேன்.

உன் வேலை அன்றே போயிற்று. தை மாதம் என் மகள் கல்யாணத்துக்கு நீயும் உன் மனைவி பேச்சியம்மாளும் வந்தீர்கள். நான் உனக்குப் பாக்கு வைக்கவில்லை. கூப்பிடாமலே வந்தீர்கள். தலைவரும் வந்திருந்தார். அவரை வரவேற்று முன்னால் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினால், நீ கடைசி வரிசையில் இருந்தாய். என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் அங்குட்டுத் திரும்பி, யாரையோ கூப்பிடுகிறவன் போலப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தபோது நீங்கள் இல்லை. மணையருகே நீங்கள் வைத்துவிட்டுப் போன பித்தளைச் சொம்பு இருந்தது. உன் பெயரை அதில் நீ வெட்டக்கூட இல்லை.

பிறகு நீ மண்டபம் போனதை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஏதோ ஒரு காலேஜுக்குக் கடல் உயிர்களைச் சேகரித்து, புட்டியில் சாராயம் ஊற்றி அடைத்து, பெயர் எழுதி அனுப்புகிற வேலை. அங்கிருந்து உன் அட்டை வந்தது. "சுந்தரம், இங்கே சிவப்புப் பவழம் கிடையாது. அதற்குக் கைகள் எட்டு. இங்கே இருக்கிற வெள்ளைப் பவழங்களுக்கு ஆறு ஆறாகப் பெருகும். ரெண்டும் பங்காளிகள், வேறு வேறு வீடு. ஒரு தடவை வாடா. உயிரோடு பார்க்கணும் நீ." அவ்வளவுதான். என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை.

விஷக்காய்ச்சலில் நீ நாலு நாள் கிடந்தாயாம். பேச்சியம்மாள் வந்து சேர்ந்தபோது நினைவு இல்லையாம். அங்கேயே கடற்கரையில் எரித்துவிட்டார்கள். எனக்குச் செய்தி வந்தது அடுத்த வாரம். உனக்குக் கருமாதி நடந்த அன்று கல்லலுக்கு வந்தேன். தெருமுனை வரை வந்தேன். பந்தலுக்குள் நுழையக் கால் வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

போன மாதம் மண்டபம் போனேன், இருளப்பா. நீ கூப்பிட்டு ஒன்றரை வருஷம் கழித்து.

உன்னைக் கடலுக்குக் கூட்டிப்போன செய்யது பாயைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஐம்பது வயது இருக்கும். ஊரைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காரைக்குடியா? பத்தரா நீங்க?"

"எப்படித் தெரியும்?"

"வாத்தியாரு சொல்லாத நாள் இல்லையே! காரைக்குடியில எனக்கு ஒரு கூட்டாளி இருக்கான், நகை வேலைக்காரன், நான் சொன்னத மொதல்ல நெசம்னு ஒத்துக்கிட்ட ஆளு அவன்தான்னு சொல்லுவாக. அவன் ஒரு நா வருவான், நீங்கதான் கூட்டிப் போவணும்னும் சொல்லி வச்சிருந்தாக. வாங்க, வத்தம் இறங்குது, தண்ணி வடியுறப்பவே போவம்."

அவர் வள்ளத்தைத் தள்ளப் போய்விட்டார். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். நான் சபையில் சொன்னதை நீ ஒருவரிடமும் சொல்லவில்லை. பட்டறையில் சொன்னதை மட்டும் கடல் வரை கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறாய்.

தண்ணீர் வற்றிய இடத்தில் இடுப்பளவு ஆழத்தில் பாறை பாறையாகத் தெரிந்தது. நீ எழுதிய வெள்ளைப் பவழம்தான்; முருகைக்கல் என்கிறார்கள் அங்கே. வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாயில் போடுகிறார்களாம். நம் ஊர் வீட்டுச் சுவர்களில் எத்தனை உயிர்களின் எலும்பு பூசியிருக்கிறதோ! பாய் ஒரு சின்னத் துண்டை உயிரோடு எடுத்து, கடல்நீர் நிறைத்த வாளியில் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு நிழலில் வைத்தார். "வாத்தியாரு இப்படித்தான் செய்வாக. இருங்க, பயந்து உள்ள போயிருக்கு. தானா வரும்" என்றார்.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். துணியை எடுத்தோம். வெறும் கல்லாக இருந்த துண்டின்மேல் மயிரிழை மயிரிழையாக எழும்பி நின்று அசைந்தன. எல்லாம் கைகள். கொண்டுபோன பூதக்கண்ணாடியை வைத்து ஒன்றை மட்டும் எண்ணினேன். கண்ணில் நீர் முட்டி இரண்டு தடவை எண்ணிக்கை தப்பிப் போயிற்று. மூன்றாவது தடவை முடித்தேன். இருபத்து நாலு. நீ எழுதியபடியே ஆறு ஆறாக. பாய் ஒரு நண்டுத் துணுக்கைப் போட்டார். கைகள் வளைந்து அதைப் பிடித்தன. ஊசிமுனையால் மெல்லத் தொட்டேன். சட்டென்று எல்லாம் உள்ளே போய், மறுபடி கல் மாதிரி ஆகிவிட்டது.

அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. என் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஊர் திரும்பியதும் முதலில் பெரிய ஆச்சியிடம் போனேன். கழுத்தில் அந்த மாலை கிடந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"பத்தரே, வாத்தியாரு சொன்னதுக்கு நான் கோவிக்கவே இல்லையே. போடலாமா கூடாதான்னு தெரிஞ்சுக்கத்தான் எம் மகன்கிட்டக் கேட்டேன். அந்தப் பிள்ளைய வேலைய விட்டு அனுப்பவா சொன்னேன்? நீங்க கல்லுன்னு சொன்னீகன்னான். ஒங்க வார்த்தைய நம்பித்தான் திரும்ப எடுத்துப் போட்டேன்." மாலையைக் கழற்றி மடியில் வைத்தார். "அப்ப இத்தன நாளும் என்னையப் போட வச்சது நீங்கதானா?"

ஆச்சி கேட்டது வெறும் ஒரு கேள்வி. அதற்கு உண்மையைச் சொல்லியிருந்தால் பவழத்தை உருவிவிட்டு ருத்திராட்சத்தை மட்டும் கோத்துக் கேட்டிருப்பார், அவ்வளவுதான். நீயும் இருந்திருப்பாயோ, என்னவோ? இதை நினைக்காத நாள் எனக்கு இனி இல்லை.

தலைவரிடமும் போனேன். நீ நின்ற அதே வகுப்பில் நின்று, நான் சொன்னது பொய் என்று பையன்களிடம் சொல்ல ஒரு மணி நேரம் கேட்டேன். "ஆளே போயிட்டாரு. இப்ப எதுக்குப் பத்தரே அதையெல்லாம் கெளறிக்கிட்டு?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

பிறகு கல்லலுக்குப் போனேன். பேச்சியம்மாள் களத்தில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னை எப்போதும் 'அண்ணே' என்று கூப்பிடுகிறவள். நான் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும். அன்னைக்கே வந்து சொன்னாக. சுந்தரம் பயந்துட்டான், அவன் மேல கோவப்படாதன்னு சொன்னாக. நான் கோவப்பட்டேன். இப்பவும் கோவந்தான்." கடலைச் செடியை உதறினாள். "ஊரு கேக்கப் பொய் சொன்னீக. இப்ப வந்து என் காதுல மட்டும் உண்மையச் சொல்றீக. நானா ஒங்களக் கேட்டேன்? ஊரு கேக்கவே சொல்லுங்க, பத்தரே."

பத்தரே என்றாள், இருளப்பா.

அதனால்தான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். படிக்கிறவர்கள் அறிய இங்கே எழுதுகிறேன்: பவழம் கல் அல்ல, செடியும் அல்ல. அது ஓர் உயிர் கட்டிய எலும்பு. இருளப்பன் வாத்தியார் பள்ளிக்கூடத்தில் சொன்னது உண்மை. தெரிந்தே, சபையில், பொய் சொன்னவன் நான்.

இனி என் பட்டறையில் பவழம் கோக்க வருகிற ஒவ்வொருவரிடமும் இது என்ன என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுப்பேன். சொல்லத் தொடங்கிவிட்டேன். இரண்டு வீட்டார் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். போகட்டும். ஒரு வீட்டு மருமகள் மட்டும், "அப்படியா? அதுக்குக் கண்ணு இருக்குமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்கலாம் என்று ஒரு கணம் எழுந்தே விட்டேன்.

பேச்சியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. பத்திரிகை வந்ததும் நானே கல்லலுக்குக் கொண்டுபோய், அவள் வாசலில் நின்று, அக்கம்பக்கத்தார் கேட்க, ஒரு வரி விடாமல் படிப்பேன். நான் 'கல்லுதானுங்க' என்று சொன்ன இடம் வரும்போது குரலை இறக்க மாட்டேன். உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இது. அவள் என்னை உள்ளே கூப்பிடாவிட்டாலும் படித்து முடித்துவிட்டுத்தான் வருவேன்.

உன்னோடு ஒரு வயிற்றில் பிறக்காத,
உனக்குப் பின்னும் இருந்து தொலைக்கிற உன் சகோதரன்,
சுந்தரம்